சுவீகாரமும் மகப்பேறும்: நகரத்தார் வணிகக் குடும்பங்களில் ‘ஆண் மலடு’ என்னும் விளக்கம் – நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

செட்டிநாட்டு நகரத்தாரிடையே சுவீகாரம் மிகுதியாக வழங்கியதை அச்சமூகத்து ஆண்களின் கருவளக் குறைவுக்குச் சான்றாகக் கொள்ளும் போக்கு உண்டு. அகமணமும் உறவுக்குள் மணமுமே அக்குறைவுக்குக் காரணம் என்றும் கூறப்படுவதுண்டு. சுவீகாரம் குழந்தையின்மையை அளக்கும் கருவியன்று, ஆண் வாரிசின் தேவையை அளக்கும் கருவியே என இக்கட்டுரை வாதிடுகிறது. வாரிசுரிமை மருமகனுக்குச் சென்ற நாஞ்சில் நாட்டு வேளாளர் வழக்கோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவுபெறுகிறது.

திறவுச்சொற்கள்: நகரத்தார், சுவீகாரம், புள்ளி, அகமணம், மருமக்கள் வழி, உகந்துடைமை, நாஞ்சில் நாடு

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் வணிகக் குடிகள் தென்தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. இரணியல் பகுதியின் ஏழூர்ச் செட்டிமார் அவ்வாறு கூறுவர். செட்டிநாட்டு நகரத்தாரும் அவ்வாறே கூறுவர். நகரத்தார் வழங்கும் கதையில் திருமணமும் மகப்பேறும் நடுவிடம் பெறுகின்றன. சோழ மன்னன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சிக் குடும்பங்கள் அனைத்தும் உயிர் துறக்கின்றன. குருவின் மடத்தில் கல்வி பயின்றுகொண்டிருந்த ஆண் பிள்ளைகள் மட்டும் எஞ்சுகின்றனர். தம் குலத்தில் பெண் இல்லாமையால் அவர்கள் வேளாளர் குலப் பெண்களை மணந்து குலத்தை மீண்டும் தழைக்கச் செய்கின்றனர். பின்னர்ப் பாண்டிநாட்டில் குடியேறுகின்றனர்.

இக்கதை வரலாற்று நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறதா என்பது இங்குக் கேள்வியன்று. அதன் அமைப்பே கவனத்திற்குரியது. தாய்வழி முற்றாக அறுந்த பின்னரும் குலம் அழியவில்லை. தந்தைவழி நின்றதால் குலமும் நின்றது என்று கதை கூறுகிறது. பெண்ணை வெளியிலிருந்து கொண்டுவரலாம், ஆண்வழி மட்டும் அறுதல் ஆகாது. பிற்காலச் சுவீகார வழக்கத்தின் அடிப்படையும் இதுவே.

நகரத்தார் குடும்ப வரலாறுகளைப் புரட்டும் எவருக்கும் சுவீகாரப் பிள்ளைகள் அடிக்கடி எதிர்ப்படுவர். இதிலிருந்து, ‘அச்சமூகத்தில் பிள்ளைப்பேறு குறைவு, நெருங்கிய உறவில் மணந்ததால் வந்த குறை அது, ஆண்களிடமே குறை’ என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். பேச்சு வழக்கில் இம்முடிவு ஏறக்குறைய ஐயமற்ற உண்மைபோல் வழங்குகிறது. ஒரு சொத்துரிமை வழக்கம் இவ்வாறு ஓர் உடற்குறையாக மொழிபெயர்க்கப்படும்போது அதன் சுமை ஏட்டிலுள்ள முன்னோர் மீது மட்டும் விழுவதில்லை. இன்று பெண் பார்க்க வருவோரும், மணமாகிச் சில ஆண்டுகள் குழந்தையின்றி இருப்போரும் அச்சுமையைத் தாங்குகின்றனர். ஆகவே அம்முடிவின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

புள்ளி என்னும் அலகு

நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்கள்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. சமூகத்துக்குள் அகமணம், ஆனால் பங்காளிகளுக்குள் மணம் இல்லை. இரணியூர்க் கோயிலாரும் பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கருதுவதால் அவ்விரு கோயிலாருக்கிடையேயும் கொள்வினை கொடுப்பினை இல்லை. அத்தை மகள், மாமன் மகள் உரிமை பிற தமிழ்ச் சமூகங்களில் போலவே இங்கும் உண்டு.

திருமணத்தின்போது கோயிலிலிருந்து மாலை வருவது, அம்மணத்தைக் கோயில் ஏற்றுப் பதிவு செய்துகொள்வதற்கு அடையாளம். மணமான ஆண் தன் மனைவியுடன் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுகிறான். தந்தையின் வீட்டிலேயே இருந்தாலும் மணமான மகன் தனிப் புள்ளி. கணவன் மனைவியருள் ஒருவர் இறந்தால் மற்றவர் அரைப் புள்ளி. கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் உரிய வரி புள்ளிக் கணக்கில் வசூலிக்கப்பட்டது. தமிழ்ச் சமூகங்களுள் தன் குடும்ப எண்ணிக்கையை இவ்வளவு ஒழுங்காகத் தானே கணக்கிட்டுக்கொண்டது வேறு உண்டா என்பது ஐயமே. வட்டிக் கணக்கிலும் பேரேட்டிலும் பழகிய கைகள் குடும்பத்தையும் பேரேட்டில் ஏற்றியதில் வியப்பில்லை.

இப்பதிவின் இயல்பை உற்று நோக்க வேண்டும். புள்ளிக் கணக்கு மணங்களைப் பதிவு செய்கிறது, பிறப்புகளையன்று. பிறந்து இறந்த குழந்தைக்கு அதில் இடமில்லை. மணமாகிச் சென்ற மகள் அங்குத் தன் கணவனின் புள்ளிக்குள் அடங்குகிறாள். சுவீகாரப் பிள்ளை வளர்ந்து மணமாகும்போது தன்னை ஏற்றுக்கொண்ட தந்தையின் மகனாகப் புள்ளி பெறுகிறான். ஆண்வழி அறுந்துபோகக்கூடிய இடத்தில் புதிய புள்ளி தோன்றியது என்பதையே இக்கணக்கிலிருந்து அறிய இயலும். அந்த இடம் ஏன் வெற்றிடமாயிற்று என்பதற்கு இக்கணக்கில் விடை இல்லை.

சுவீகாரத்திற்கு இட்டுச்செல்லும் வழிகள்

ஒரு வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வதற்குக் குறைந்தது நான்கு நிலைமைகள் காரணமாகலாம். கரு உருவாகாமலே இருந்திருக்கலாம். பிறந்த ஆண் குழந்தைகள் இறந்திருக்கலாம். பெண் மக்கள் மட்டுமே இருந்திருக்கலாம். கணவனே பிள்ளை பிறக்குமுன் இறந்திருக்கலாம். இந்நான்கனுள் முதலாவது மட்டுமே கருவளம் பற்றியது. அதிலும் கணவனின் குறையால் நேர்ந்தவை ஒரு பகுதியே. எஞ்சிய மூன்றும் ஆண்களின் உடல்வளத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஆயின் ஆவணத்தில் நான்கிற்கும் ஒரே பெயர்: சுவீகாரம்.

நான்காம் நிலைமை தனிக் கவனத்திற்குரியது. சென்னை மாகாணத்தில் வழங்கிய இந்துச் சட்டத்தின்படி கணவன் இறந்த பின்னரும் விதவை அவனுக்காகப் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம். கணவன் அனுமதி அளித்துச் செல்லாவிடினும் பங்காளிகளின் இசைவு போதும் என்று 1868இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு இராமநாதபுரம் சேதுபதிகளின் வாரிசுரிமை பற்றியது. நகரத்தார் ஊர்களுள் பல அதே மாவட்டத்தில் அமைந்திருந்தன என்பதையும் நினைவிற்கொள்ளலாம். 1899இல் அதே மன்றம், ஒரே மகனைக்கூடச் சுவீகாரம் கொடுப்பது செல்லும் என்று தீர்த்தது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வரும் வரை இந்துச் சட்டத்தின் பொதுவிதிப்படி பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுக்க இயலவில்லை. ஆகவே வாரிசு தேடிய ஒவ்வொரு வீடும் ஆண் பிள்ளையையே தேடியது.

இத்தேடலின் பின்னால் வணிகக் காரணம் வலுவாக நின்றது. நகரத்தார் கடையின் பெயர் ‘விலாசம்’ எனப்படும். பாட்டன், தந்தை, மகன் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகள் கோத்த அவ்விலாசமே கடல் கடந்த ஊர்களில் அக்குடும்பத்தின் நாணயத்தைச் சுமந்தது. விலாசத்திற்கு உரியவன் மகனின்றி இறந்தால், மிதாட்சர முறைப்படி பாகம் பிரிந்த குடும்பத்தில் விதவைக்குக் கிடைத்தது அவள் வாழ்நாள் வரையிலான வரம்புற்ற உரிமையே. முதலை அவள் விருப்பம்போல் விற்கவோ பெயர்க்கவோ இயலாது. அவளுக்குப் பின் மகளுக்குச் செல்லும் உரிமையும் வரம்புற்றதே. அதற்கும் பின்னால் உரிமை கோரப் பங்காளிகள் காத்திருப்பர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுவீகாரப் பிள்ளையாக வந்துவிட்டால் இந்நிலை ஒரே நாளில் மாறிவிடுகிறது. அவன் முழு உரிமையாளன். காப்பாளர் வழியாக அவன் பெயரால் வரவுசெலவு நடக்கும். மோல்மேனிலும் பினாங்கிலும் உள்ள கடன்காரர்களுக்கு விலாசம் தொடர்கிறது என்ற உறுதி கிடைக்கும். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் நகரத்தாரின் உறவுமுறை அமைப்பையே அவர்களுடைய வங்கித்தொழிலின் அடித்தளமாகக் காட்டுகிறது. அவ்வகையில் சுவீகாரமும் கடன் நம்பகத்தைக் காக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று எனலாம்.

ஒரு சிறு கணக்கு

கருவளத்தில் எக்குறையும் இல்லாத ஒரு சமூகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பிறக்கும் குழந்தைகளுள் பாதி ஆண். பிறந்தவற்றுள் பாதி பருவமடையுமுன் இறந்துவிடுகின்றன என்க. அம்மையும் பேதியும் தடுப்பார் இன்றித் திரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலைமைக்கு இது மிகையான எடுகோள் அன்று. அப்படியாயின் ஒரு பிறப்பு, வளர்ந்து ஆளாகும் மகனைத் தருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு தம்பதியருக்கு ஆறு குழந்தைகள் பிறந்தாலும் ஒரு மகனும் எஞ்சாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 18. ஐந்து பிறப்பாயின் 24. நான்காயின் 32.

குழந்தை இறப்பைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கே இறந்ததாகக் கொண்டாலும், நான்கு குழந்தை பெற்ற தம்பதியருள் நூற்றுக்கு 20 பேருக்கு மகன் எஞ்சுவதில்லை. மானிடவியலாளர் ஜாக் குடி 1976இல் வெளியிட்ட நூலும் இதே திசையில் செல்கிறது. மக்கள்தொகை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் சமூகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தம்பதியருக்கு எஞ்சும் குழந்தையே இராது, மேலும் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பெண் மக்கள் மட்டுமே இருப்பர் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

ஆகவே, மகன் இல்லாத ஒவ்வொரு வீடும் பிள்ளை கூட்டியே தீரவேண்டும் என்னும் விதி உள்ள சமூகத்தில், ஐந்தில் ஒரு வீட்டிலோ மூன்றில் ஒரு வீட்டிலோ சுவீகாரம் காணப்படுவது இயல்பு. அதற்கு ஆண் மலடு என்னும் விளக்கம் தேவையில்லை. பிற தமிழ்ச் சமூகங்களிலும் மகனில்லா வீடுகள் இதே அளவில் இருந்திருக்கும். நிலமோ கடையோ இல்லாத வீட்டில் அது ஆவணமாகவில்லை. தம்பி மகன் கொள்ளி வைத்தான், கதை முடிந்தது. நகரத்தாரிடம் சொத்து இருந்தது, எழுதி வைக்கும் பழக்கமும் இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளை கூட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே பிள்ளை கொடுத்த ஒரு வீடு இருந்தாக வேண்டும். சுவீகாரப் பிள்ளையை அதே கோயிலைச் சார்ந்த பங்காளி வீட்டிலிருந்து எடுப்பதே முறை. குறை ஆண்வழியில் இறங்கி வந்திருந்தால் அதே ஆண்வழியைச் சேர்ந்த பங்காளி வீட்டில் கொடுப்பதற்குப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர்? கவிஞர் கண்ணதாசன் 1927இல் சிறுகூடல்பட்டியில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குச் சுவீகாரமாகச் சென்று நாராயணன் ஆனார். அதற்காக ஏழாயிரம் ரூபாய் கைமாறியதாக அவர் வாழ்க்கை வரலாற்றாளர் குறிப்பர். ஒரு வீட்டில் எட்டும் அதற்கு மேலும், இன்னொரு வீட்டில் ஒன்றுமில்லை. இது பங்கீட்டின் ஏற்றத்தாழ்வு. சமூகத்தின் மொத்தக் கருவளம் குன்றியதற்குச் சான்றன்று.

கடல் கடந்த மூன்றாண்டு

இனி, பிறப்பு எண்ணிக்கையே உண்மையில் குறைந்திருக்கக்கூடிய ஒரு காரணத்தைக் காண்போம். அது உடலில் இல்லை. தொழிலின் அமைப்பில் இருந்தது.

இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் ஆகிய இடங்களில் இருந்த கடைகளுக்கு முதலாளிகள் ஏஜெண்டுகளை அனுப்பினர். ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள், அவனுக்குக் கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது. பொதுவாக மூன்றாண்டு ஒரு கணக்கு. மனைவி மக்களை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை. கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பி, சிலகாலம் தங்கி, மீண்டும் கப்பலேறுவர். 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கு மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ஒரு கடைக்கு இரண்டு, மூன்று ஆட்கள் என்றாலும் அச்சிறிய சமூகத்தின் இளம் ஆண்களுள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் கடலுக்கு அப்பால் இருந்திருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இருபது வயதில் தொடங்கி நாற்பது வரை, மூன்றாண்டு வெளியே, இரண்டாண்டு ஊரில் என ஒருவன் வாழ்ந்ததாகக் கொள்வோம். இருபது ஆண்டில் தம்பதியர் சேர்ந்திருந்தது எட்டு ஆண்டு. ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தை என்றால் நான்கு பிறப்பு. மேலே கண்ட கணக்கின்படி, ஆறு பிறப்பு நான்காகக் குறையும்போது மகன் எஞ்சாத வீடுகள் நூற்றுக்கு 18இலிருந்து 32ஆக உயர்கின்றன. ஆண், பெண் இருவருமே முழு நலத்தோடு இருந்தும் இவ்வுயர்வு நேர்கிறது. வெளிநாட்டில் காய்ச்சலில் இறந்த இளைஞர்களையும், அவர்களுக்காக விதவையர் எடுத்த சுவீகாரங்களையும் இதனோடு சேர்த்தால் எண்ணிக்கை மேலும் கூடும்.

இவ்விளக்கத்திற்கு ஒரு தடை உண்டு. எல்லா ஆண்களும் வாழ்நாள் முழுதும் கடல் கடந்து சென்றவரல்லர். பணமுள்ள முதலாளி ஊரிலிருந்தே கடைகளை நடத்தினார். சென்றவர்கள் பெரும்பாலும் சம்பளத்திற்கு உழைத்த எளிய நகரத்தார். பிரிவே காரணம் என்றால் ஏஜெண்டு வீடுகளில்தான் மகனின்மை மிகுந்திருக்க வேண்டும். ஆயின் சுவீகாரம் நன்கு ஆவணமாகியிருப்பது பெரு முதலாளி வீடுகளில். இம்முரண் பிரிவு விளக்கத்தை வீழ்த்துவதில்லை. சுவீகாரம் சொத்தைப் பின்தொடர்ந்தது என்னும் முதன்மை வாதத்திற்கே துணைநிற்கிறது. எளிய ஏஜெண்டின் வீட்டில் பிள்ளை இல்லையென்றால் அங்கே வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை, ஆவணமும் இல்லை.

குருதியுறவும் ஆண்வழிக் குறையும்

உறவுக்குள் மணப்பதால் ஆண்மை குன்றும் என்னும் கருத்து இரு வேறு கூற்றுகளை ஒன்றாக்கிவிடுகிறது. உறவுமணத்தால் சில மரபுவழி நோய்கள் வெளிப்படும் வாய்ப்பும், குழந்தை இறப்பும் ஓரளவு கூடுகின்றன என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்டது. கருவுறுதல் குறைகிறது என்பது அதனின் வேறான கூற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகியோர் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட ஆய்வில் உறவுமணத்தால் கருவளம் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆலன் பிட்டில்சும் பிறரும் 1991இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து வந்தடைந்த முடிவும் இதற்கு மாறானதன்று. அத்தை மகளை மணக்கும் வழக்கம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறத்தல் கூடாது. அதே வழக்கமுடைய உழவர் குடிகளை எவரும் பிள்ளைப்பேறு குன்றியவர் என்று சொல்வதில்லை.

தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் மலடு என்பதோ தன்னைத்தானே மறுக்கும் தொடர். தந்தை முழு மலடாயின் மகன் இல்லை. மகன் இல்லையேல் குறை இறங்குவதற்கு ஆள் இல்லை. ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமில் விந்தாக்கத்தைத் தடுக்கும் இழப்பு நேர்ந்தால் அது பெரும்பாலும் அத்தலைமுறையோடு நின்றுவிடும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேரும் ஒடுங்கு மரபணுக்களால் ஆண் மலடு நேர்வது உண்டு. சிறிய அகமணக் குழுவில் அதற்கு வாய்ப்பு கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை நிறுவ மருத்துவச் சான்று வேண்டும், சுவீகாரப் பட்டியல் போதாது. ஆய்வுக்கூடத்தில் விந்தைச் சோதித்து முடிவு கூறும் வழக்கம் பரவியதே இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ஒரு வீட்டில் குழந்தையில்லாமைக்குக் காரணம் கணவனா மனைவியா என்று அறியும் வழி எவரிடமும் இல்லை. மொழி அதனை முன்னரே தீர்த்து வைத்திருந்தது என்பதும் உண்மை. ‘மலடி’ என்ற சொல் நாள்தோறும் நாவில் புரண்டது. ‘மலடன்’ அகராதியில் இருந்தும் தெருவில் கேட்டதில்லை.

நாஞ்சில் நாட்டிலிருந்து பார்க்கையில்

இவ்வளவும் நகரத்தார் சான்றுகளுக்குள் நின்றே சொல்லத்தக்கவை. வாரிசுரிமையின் விதி மாறினால் மகனின்மையின் பொருளும் மாறுமா என்று அறிய, விதியே வேறாக இருந்த ஓரிடம் வேண்டும். நாஞ்சில் நாடு அத்தகைய இடம்.

தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த அரசோடும் சேர்ந்திருந்தது. இங்குள்ள வேளாளருள் மக்கள்வழியினரும் உண்டு, மருமக்கள்வழியினரும் உண்டு. மருமக்கள்வழிக் குடும்பத்தில் சொத்தை ஆளும் காரணவருக்குப் பின் அது அவர் சகோதரியின் மக்களுக்குச் செல்லும். மனைவியும் மக்களும் அவர் வீட்டில் வாழ்வர், அவர் உழைப்பில் உண்பர். ஆனால் அவர்கள் பெறக்கூடியது உகந்துடைமை எனப்படும் வரம்புற்ற பங்கு மட்டுமே. இவ்வேளாளர் நிலவுடைமையாளர், வணிகர் அல்லர். ஆகவே இவ்வொப்பீடு தொழில் பற்றியதன்று, வாரிசுரிமை பற்றியது.

இக்குடும்பத்தில் காரணவருக்குப் பிள்ளை இல்லையென்றால் நேர்வது என்ன? சொத்துரிமையைப் பொறுத்தவரை ஒன்றும் நேர்வதில்லை. பிள்ளை இருந்தாலும் சொத்து மருமகனுக்கே, இல்லாவிட்டாலும் மருமகனுக்கே. பிள்ளை கூட்டிக்கொள்ளச் சட்டக் காரணம் எதுவும் அவருக்கு இல்லை. அவருடைய கருவளம் எந்த ஆவணத்திலும் கேள்விக்குள்ளாவதில்லை. குடும்பம் அற்றுப்போகும் அச்சம் அங்கே வேறோர் இடத்தில் இருந்தது: சகோதரிக்குப் பெண் குழந்தை இல்லாமையில்.

அவ்வச்சத்தின் மிகத் தெளிவான சான்று அரச குடும்பத்திலேயே கிடைக்கிறது. திருவிதாங்கூர் அரசகுலமும் மருமக்கள்வழியினது. அரசனின் மகன் ‘தம்பி’ என்னும் பட்டம் பெறுவான், அரியணை பெறான். பத்மநாபபுரம் அரண்மனைக்கு இன்று வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் மார்த்தாண்டவர்மர்–தம்பிமார் பூசல் இதில் எழுந்ததே. 1900ஆம் ஆண்டில் அக்குலத்தில் வாரிசு இல்லாத நிலை நேர்ந்தபோது மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமியர் சுவீகாரம் எடுக்கப்பட்டனர்: சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய். அதே காலத்தில் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பெண் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது சட்டப்படி செல்லாது; திருவனந்தபுரத்தில் ஆண் பிள்ளையை மட்டும் எடுத்திருந்தால் அரசகுலம் தொடர்ந்திராது.

ஒருவர் இவ்விரு பட்டியல்களையும் கையில் வைத்துக்கொண்டு, ‘செட்டிநாட்டில் ஆண்கள் மலடு, திருவிதாங்கூரில் பெண்கள் மலடு’ என்று முடிவு கூறுவாராயின் அதிலுள்ள பிழை எளிதில் புலப்படும். நகரத்தாரைப் பற்றிய முதற்பாதியை மட்டும் கேட்கும்போது அப்பிழை புலப்படுவதில்லை.

மருமக்கள்வழியின் கொடுமைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் எள்ளி நகையாடினார். அங்கே கதை சொல்பவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. கணவனின் சொத்தில் மனைவி மக்களுக்கு நிலையான இடம் இல்லாமையே அந்நூலின் ஆதாரத் துயரம். பெண்ணின் பக்கமிருந்து நோக்கினால், நகரத்தார் ஆச்சிக்கும் நாஞ்சில் நாட்டு மனைவிக்கும் பிள்ளைப்பேறு ஒரே பொருளுடையதாக இல்லை. பிள்ளையில்லா ஆச்சி சுவீகாரத்தின் வழியே வீட்டுத் தலைவியாக நிலைபெற இயலும். நகரத்தார் பெண்களின் சொத்துரிமையை ஆராய்ந்த யூகோ நிஷிமுராவின் 1998ஆம் ஆண்டு நூலைப் படிப்போருக்கு, அவர்கள் கொண்டுவந்த சீதனமும் அவர்தம் தனி அடுப்பும் தந்த செல்வாக்கு விளங்கும். நாஞ்சில் நாட்டில் பிள்ளையில்லா விதவைக்கு அத்தகைய வாயில் இல்லை.

பின்னர் விதி மாறியது. கொல்லம் ஆண்டு 1101க்குரிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தது. மனைவி மக்களுக்குக் கணவனின், தந்தையின் சொத்தில் வாரிசுரிமை ஏற்பட்டது. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி ஆண் ஒருவனுக்குப் பிள்ளையில்லை என்பது சொத்துரிமைப் பொருள் பெறும் செய்தியாக மாறியது அப்போதுதான் எனலாம். 1925இல் இருந்த ஆணுக்கும் 1927இல் இருந்த ஆணுக்கும் உடலில் வேறுபாடு எதுவும் இல்லை.

சான்றுகளை இனிப் படிக்கும் முறை

நகரத்தாரின் கருவளம் பிற சமூகங்களினும் உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம். சுவீகாரத்தை எண்ணி அதனை அறிய இயலாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. அறியக்கூடிய வழிகள் வேறு உள்ளன. முதலாவது, சுவீகாரம் நடந்த வீடுகளில் மகள்கள் இருந்தனரா என்று பார்ப்பது. சீதனப் பொருள்களை வரிசையாக எழுதிய முறைச்சிட்டைகள் பல குடும்பங்களில் இன்றும் பேணப்படுகின்றன. ஒவ்வொரு முறைச்சிட்டையும் ஒரு மகள் பிறந்து வளர்ந்து மணமானதற்குச் சான்று. புள்ளிக் கணக்கில் மறைந்துபோகும் மகள் இங்கே தங்கமும் வெள்ளியும் பித்தளையுமாக மீண்டும் தோன்றுகிறாள். சுவீகாரப் பிள்ளைக்கு அக்காள் தங்கையர் இருந்த வீட்டில் மலடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, 1942. சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் கடைகள் மூடப்பட்டன. ஏஜெண்டுகளுள் பலர் கப்பலிலும் எஞ்சியோர் அரக்கான், அசாம் மலைவழிகளில் நடந்தும் ஊர் திரும்பினர். மூன்றாண்டுக் கணக்கு முறை அங்கு அத்தோடு முறிந்தது. அதன்பின் மணமான தம்பதியர் பலரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். பிரிவுதான் பிறப்பைக் குறைத்தது என்றால், 1942க்குப் பின் மணந்தோரின் பிறப்பு எண்ணிக்கை, குழந்தை இறப்புக் குறைவால் வரும் மாற்றத்தைக் கழித்த பின்னும், முந்தைய தலைமுறையினும் உயர்ந்திருக்க வேண்டும். உறவுமணமே காரணம் என்றால் உயர்ந்திராது. ஏனெனில் மணமுறை அந்த ஆண்டில் மாறவில்லை. 1956ஆம் ஆண்டின் இரு சட்டங்களும் இதுபோன்றதொரு வெட்டுக்கோடு. மகள் முழு வாரிசான பின், பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றான பின், மகள்கள் மட்டும் இருந்த வீடுகளில் சுவீகாரம் குறைந்ததா என்று பார்க்கலாம்.

இதற்கு வேண்டிய கோயில் திருமணப் பதிவுகளும் குடும்பப் பேரேடுகளும் முறைச்சிட்டைகளும் பெரும்பாலும் தனியார் வீட்டுப் பெட்டகங்களில் உள்ளன. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகள் வெளிப்பட்ட பின்னரே நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாறு ஊகத்திலிருந்து விடுபடத் தொடங்கியது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுத் தேக்கும் பளிங்கும் விலைபோகும் இந்நாளில், பெட்டகத்து ஏடுகள் பழைய காகிதக் கடைக்குச் செல்வதற்குமுன் அவற்றுள் ஒரு கோயிற் பிரிவினரின் ஆவணங்களையேனும் படியெடுத்துவிட்டால் மேற்கண்ட சோதனைகளைத் தொடங்க இயலும்.